நான்காவது எழுத்து

2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் எந்த ஊர் டிடிபி கடையிலும் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் இளைஞர் ஒருவர் பென் டிரைவை நீட்டுகிறார். கடைக்காரர் அதைச் செருகி ஃபைலைச் சொடுக்குகிறார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஏதோ வந்து நிற்கிறது.

“என்ன தம்பி இது, வைரஸா?”

“இல்லண்ணே, பயோடேட்டா. நேத்து ராத்திரி ஃப்ரெண்டு ரூம்ல அடிச்சது.”

கடைக்காரர் ஃபைலின் பெயரை உற்றுப் பார்க்கிறார். “கடைசியில ஒரு எக்ஸ் இருக்கு பாருங்க. இது புது வேர்டு. நம்மகிட்ட 2003தான். பழைய மாதிரி சேவ் பண்ணி எடுத்துட்டு வாங்க.”

டாக் என்ற மூன்றெழுத்து வாலோடு நான்காவதாக ஒட்டிக்கொண்ட அந்த எக்ஸ், அந்த ஆண்டுகளில் எத்தனை பேரை வெயிலில் நடக்கவிட்டது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்தக் கட்டக் குவியலின் தலைப்பில் மட்டும் படிக்கக்கூடிய இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்திருக்கும்: பி, கே. அவை சிதைவில் வந்தவை அல்ல. அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் என்ற நிரலாளர் 1989-இல் ஜிப் என்ற சுருக்கு வடிவத்தை வெளியிட்டபோது, கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளில் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார். அவர் 2000-இல், 37 வயதில் இறந்துவிட்டார். ஆனால் புது வேர்டு எழுதும் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. எனவே இன்று நாம் சேமிக்கும் டாக்எக்ஸ் ஒவ்வொன்றும் பிள்ளையார் சுழி போடுவதுபோல அவர் பெயரைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறது.

பழைய டாக் கோப்புக்கும் ஒரு பிள்ளையார் சுழி உண்டு. அதன் முதல் சில பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாக எழுதினால் டி, 0, சி, எஃப், 1, 1, இ, 0 என்று வரும். சுழியத்தை ‘ஓ’ என்றும் ஒன்றுகளை ‘ஐ’, ‘எல்’ என்றும் கண்ணைச் சுருக்கிப் படித்தால் ‘டாக்ஃபைல்’. நிரலாளர்களின் குறும்பு. கடைக்காரரின் வேர்டு 2003 எதிர்பார்த்தது இந்தச் சுழியை. கிடைத்தது ஃபில் காட்ஸின் பெயர். யாரென்று தெரியாதவரை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது.

ஆவணம் என்றதும் நமக்குத் தாள் நினைவுக்கு வருகிறது. தாளில் எழுதியதைப் படிக்க, எழுதியவரின் பேனா நம்மிடம் இருக்க வேண்டியதில்லை. கணினிக் கோப்பில் அப்படி இல்லை. ‘வணக்கம்’ என்ற ஒரே சொல்லை வெறும் எழுத்துக் கோப்பாக யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 21 பைட்டுகள் போதும். அதையே வேர்டு 2003-இல் தட்டிச் சேமித்தால் ஏறத்தாழ இருபதாயிரம் பைட்டுகள் ஆகும். சொல் மாறவில்லை. மீதியெல்லாம் என்ன? எழுத்துருவின் பெயர், தாளின் அளவு, ஓரம், பத்திகளின் பாணி, எழுதியவர் பெயர், கடைசியாக எப்போது அச்சடிக்கப்பட்டது என்பது வரை எல்லாம். ஒரு மென்பொருள் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள் அவை. உங்கள் பயோடேட்டா அந்தக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு மூலையில் கிடக்கிறது.

அந்தக் குறிப்புகள் ஏன் அப்படி அமைந்தன என்று பார்க்க, வேர்டுக்கும் முந்தைய ஒரு மென்பொருளிடம் போக வேண்டும். 1974-இல் கலிஃபோர்னியாவில், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோன்யியும் பிராவோ என்ற எழுத்துத் தொகுப்பானை உருவாக்கினார்கள். ஹங்கேரியில் பிறந்த சிமோன்யி பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அங்கே அவரும் ரிச்சர்ட் பிரோடியும் சேர்ந்து உருவாக்கி 1983-இல் வெளிவந்ததுதான் வேர்டு. பிராவோவில் இருந்த ஓர் அருமையான உத்தியும் கூடவே வந்தது. துண்டுப் பட்டியல் என்று அதைச் சொல்லலாம்.

நூறு பக்க ஆவணத்தின் முதல் பக்கத்தில் ஒரு சொல்லைச் செருகினால், பின்னால் உள்ள அத்தனை எழுத்தையும் ஓர் இடம் தள்ளி வைக்க வேண்டும். அன்றைய கணினிக்கு அது மலையைப் புரட்டும் வேலை. அதனால் இருப்பதைத் தொடாமல், புதுச் சொல்லைக் கோப்பின் கடைசியில் எழுதி வைத்துவிடுவார்கள். ஒரு சிறு பட்டியல் மட்டும் மாறும்: ‘மூலத்தில் முதல் நாற்பது எழுத்தைப் படி, பிறகு கடைசியில் சேர்த்த பத்து எழுத்தைப் படி, பிறகு மூலத்தின் நாற்பத்தொன்றாவது எழுத்துக்குத் திரும்பு.’ நீக்குவது இன்னும் எளிது. எதையும் அழிக்க வேண்டாம், பட்டியல் அந்த இடத்தைத் தாண்டிப் போனால் போதும். வேர்டில் ‘விரைவுச் சேமிப்பு’ என்ற வசதி இந்த உத்தியின் மேல்தான் நின்றது. மாறியதை மட்டும் வாலில் ஒட்டிவிட்டு வேலையை முடித்துவிடும்.

விளைவை ஊகிக்கலாம். நீக்கிவிட்டதாக நீங்கள் நம்பிய வரிகள் கோப்புக்குள்ளேயே கிடந்தன. எதிர்த்தரப்புக்கு அனுப்பிய ஒப்பந்த வரைவை ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்தால், முதலில் எழுதி அடித்த விலையும் தெரிந்துவிடலாம். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியையே எடுத்துவிட்டது. வேர்டு வைத்துக்கொண்ட வேறு குறிப்புகளும் மானத்தை வாங்கின. ஈராக் பற்றிய பிரிட்டிஷ் அரசின் அறிக்கை ஒன்று 2003 பிப்ரவரியில் வேர்டு கோப்பாகவே இணையத்தில் ஏற்றப்பட்டது. கடைசிப் பத்து முறை அதை யார் யார் சேமித்தார்கள் என்ற பதிவு உள்ளேயே இருந்தது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற கணினி வல்லுநர் அதை எடுத்துக் காட்டினார். அறிக்கையின் பகுதிகள் வேறொருவரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஏற்கனவே அம்பலமாகியிருந்ததால், ‘கை வைத்தவர்கள் யார்’ என்ற பட்டியலும் சேர்ந்துகொண்டது.

மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே யாருக்கும் புரியாத வடிவத்தைச் செய்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வடிவம் பிறந்த கதையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நினைவகம் சிறியது, வட்டு மெதுவானது. நினைவகத்தில் தரவு எப்படிக் கிடந்ததோ அப்படியே அள்ளி வட்டில் கொட்டுவதுதான் வேகமான வழி. அதைத்தான் செய்தார்கள். பிறகு எக்செல் அட்டவணையை வேர்டுக்குள் செருக வேண்டும் என்ற ஆசை வந்தது. அதற்காக ஒரே கோப்புக்குள் ஒரு குட்டி வட்டையே அமைத்தார்கள். உள்ளே அடைவுகளும் எந்தத் துண்டு எங்கே என்ற அட்டவணையும் இருந்தன. சதி செய்து கட்டிய கோட்டை அல்ல அது. அவ்வப்போது ஓர் அறை சேர்த்துச் சேர்த்து வளர்ந்த வீடு. ஆனால் அந்த வீட்டில் கழிவறை எங்கே என்று வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அது அவருக்கு வசதியாகவும் போயிற்று. அந்தப் பைனரி வடிவங்களின் விவரங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2008 பிப்ரவரியில்தான். அதற்குள் டாக் ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டது.

இணக்கம் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு திசைகள் உண்டு. புது மென்பொருள் பழைய கோப்பைத் திறப்பது பின்னோக்கிய இணக்கம். இது கடினம், ஆனால் முடியும். பழையது எப்படி இருந்தது என்பது தெரிந்த விஷயம். பழைய மென்பொருள் புதுக் கோப்பைத் திறப்பது முன்னோக்கிய இணக்கம். 2003-இல் எழுதி முடித்த நிரலுக்கு 2007-இல் என்ன வரும் என்று தெரியாது. தெரியாததைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் பழக்கத்தை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தால்தான் அது பிழைக்கும். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, புரியாத குறியை விட்டுவிட்டு மீதியைக் காட்டும். அலுவலக மென்பொருள்களுக்கு அந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை.

1997-இல் இது ஒரு வணிகப் பாடமாகவே நடந்தது. 1993-இல் வந்த வேர்டு 6-உம் அடுத்து வந்த வேர்டு 95-உம் ஒரே வடிவத்தில் எழுதின. வேர்டு 97 அதை மாற்றியது. மாற்றத்துக்கு நல்ல காரணங்களும் இருந்தன. எழுத்துகளை யூனிகோடில் வைக்கத் தொடங்கியது அந்தப் பதிப்புதான். ஆனால் கோப்பின் வால் அதே டாக். பெயரைப் பார்த்தால் பழையதா புதியதா என்று தெரியாது, திறக்க முயன்று தோற்ற பிறகுதான் தெரியும். பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதி புதுப் பதிப்பில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைத்ததோ உண்மையான வேர்டு 95 கோப்பு அல்ல. ஆர்டிஎஃப் என்ற வேறொரு வடிவத்தில் எழுதி, டாக் என்று பெயர் ஒட்டிக் கொடுத்தது வேர்டு 97. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் சரியான மாற்றி வந்தது.

புதுக் கணினி அலுவலகத்தில் முதலில் யார் மேசைக்கு வரும்? மேலாளர் மேசைக்கு. அதில் புது வேர்டு இருக்கும். அவர் சுற்றறிக்கை அனுப்புவார். கீழே இருபது பேருக்கு அது திறக்காது. “சார், பழைய வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள்” என்று சொல்லும் துணிச்சல் இருபதில் எத்தனை பேருக்கு இருக்கும்? அடுத்த பட்ஜெட்டில் இருபது உரிமங்கள் வாங்கப்படும். பிறகு அந்த அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் மற்ற அலுவலகங்களின் முறை. வேர்டு 97-இன் புது வசதிகளில் ஒன்றையாவது அந்த இருபது பேரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் வாங்கியது வசதியை அல்ல, கடிதம் படிக்கும் உரிமையை.

மைக்கேல் காட்ஸ், கார்ல் ஷப்பிரோ என்ற இரு பொருளியலாளர்கள் 1985-லேயே இதைக் கணக்காக எழுதி வைத்திருந்தார்கள் (இந்தக் காட்ஸ் வேறு, ஜிப் காட்ஸ் வேறு). சில பொருள்களின் மதிப்பு அவற்றின் தரத்தைவிட, வேறு எத்தனை பேர் அவற்றை வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நம் ஊரில் இதற்கு ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று பெயர். ஊர் மாறினால் ஒத்து வாழ்பவனும் மாறித்தான் ஆக வேண்டும். ஊரை மாற்றும் சாவி கோப்பு வடிவத்தில் இருந்தது.

இதன் மறுபக்கம் பலருக்குத் தோன்றுவதில்லை. 97-க்குப் பிறகு வந்த 2000, எக்ஸ்பி, 2003 ஆகிய பதிப்புகள் அந்த டாக் வடிவத்தையே வைத்துக்கொண்டன. கோப்புகள் எங்கும் திறந்தன, ஊர் அமைதியாக இருந்தது. அதனால் புதுப் பதிப்பு வாங்க ஒருவருக்கும் அவசரம் இல்லை. மைக்ரோசாஃப்டின் பெரிய போட்டியாளர் தன்னுடைய பழைய பதிப்பாகவே ஆகிப்போனது. 2005-இல் அந்த நிறுவனம் ஒரு விளம்பரத் தொடர் வெளியிட்டது. பழைய ஆபீஸ் பயன்படுத்தும் ஊழியர்கள் அதில் கோட்டு சூட்டுப் போட்டு, கழுத்துக்கு மேல் டைனோசர் தலையோடு நின்றார்கள். காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரையே டைனோசர் என்று கேலி செய்யும் அளவுக்கு அமைதி அவர்களை வாட்டியிருக்கிறது.

அமைதி வேறொரு பக்கத்திலிருந்து கலைந்தது. ஜெர்மனியின் லூனபர்க் நகரில் மார்கோ பேரிஸ் என்ற பதினாறு வயதுப் பையன் 1985-இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபீஸை, 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸ் பிறந்தது அப்படித்தான். டாக் கோப்பைத் திறந்து காட்ட அதன் நிரலாளர்கள் பட்ட பாடு தனிக்கதை. வீட்டுக்காரர் வழி சொல்லாத வீட்டில் இருட்டில் தடவித் தடவி அறைகளைக் கண்டுபிடித்தார்கள். தங்கள் சொந்த வடிவத்தை எக்ஸ்எம்எல்-இல், யாரும் படிக்கும்படி எழுதி, பொதுத் தரமாக்கக் கொடுத்தார்கள். ஓடிஎஃப் என்ற அந்தத் திறந்த வடிவத்தை ஒயாசிஸ் அமைப்பு 2005-இல் ஏற்றது. 2006-இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆயிற்று.

அதே 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு, 2007 ஜனவரி முதல் தன் ஆவணங்கள் ஓடிஎஃப் போன்ற திறந்த வடிவங்களில்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. காரணம் எளியது. அரசு ஆவணம் பல தலைமுறைக்குப் படிக்கப்பட வேண்டும். முப்பது வருட வில்லங்கம் பார்ப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிப்பதற்கு ஒரே நிறுவனத்தின் தயவு தேவைப்பட்டால் அது பொது ஆவணம் ஆகாது. மைக்ரோசாஃப்ட் எதிர்த்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் பார்வைக் குறைபாடு உள்ளவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. அவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவிகள் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடுதான் நன்றாக வேலை செய்தன. திறந்த தரம் பற்றிப் பேசுபவர்கள் இந்த எதிர்ப்பைப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாக முடித்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய தகவல் அதிகாரி பீட்டர் குவின் பதவி விலகினார். 2007-இல் மைக்ரோசாஃப்டின் புது வடிவத்தையும் ஏற்கத்தக்க பட்டியலில் சேர்த்துக்கொண்டது மாசசூசெட்ஸ்.

அந்தப் புது வடிவம்தான் நம் டாக்எக்ஸ். அதையும் திறந்த தரமாக்க வேண்டும் என்ற நெருக்கடி மைக்ரோசாஃப்டுக்கு வந்துவிட்டது. எக்மா அமைப்பு வழியாக 2006 டிசம்பரில் வெளிவந்த அதன் விவரநூல் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல். ஓடிஎஃப் எழுநூறு பக்கம். ஐஎஸ்ஓ-வில் 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் அது தோற்றது. 2008 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்து நாள் கூடி ஆயிரக்கணக்கான திருத்தக் குறிப்புகளை அலசினார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஐந்து நாளில் எவ்வளவு அலச முடியும் என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறேன். ஏப்ரலில் வென்றது. ஆஸ்லோவில் ஆட்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டார்கள். ஒரு கோப்பு வடிவத்துக்காக! இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பிறகு பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. எடுபடவில்லை.

அந்த ஆறாயிரம் பக்கத்தில் என்னதான் இருந்தது? பெரும்பகுதி பழைய காலம். ‘ஆட்டோ ஸ்பேஸ் லைக் வேர்டு 95’ என்று ஓர் அமைப்பு உண்டு. வேர்டு 95 எப்படி இடைவெளி விட்டதோ அப்படியே விடு என்று பொருள். வேர்டு 97-இன் விதிப்படி வரியை முறி, வேர்டு 8 போல அடிக்குறிப்பை அமை என்று இப்படியே போகும். எப்படி விட்டது, எப்படி முறித்தது என்ற விளக்கம் முதல் வடிவத்தில் இல்லை. வேண்டுமானால் அந்தப் பழைய மென்பொருளைப் பார்த்து அதுபோலச் செய்துகொள்ளுங்கள் என்ற தோரணை. ‘பழைய குருடி, கதவைத் திறடி’ என்பதை உலகத் தரமாக எழுதியதுபோல இருந்தது.

அதில் எனக்குப் பிடித்த பழைய குருடி, 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் இல்லை. நூற்றாண்டு வருடம் நானூறால் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, 1900 வகுபடாது. ஆனால் 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 நான்கால் வகுபட்டாலே லீப் என்று வைத்துக்கொண்டு, இல்லாத அந்த நாளைச் சேர்த்துவிட்டது. எக்செல் சந்தைக்கு வந்தபோது உலகின் கணக்குகளெல்லாம் லோட்டஸில் இருந்தன. அவற்றைத் திறந்து அதே விடையைக் காட்டினால்தான் கணக்காளர்கள் மாறுவார்கள். எனவே பிழையையும் சேர்த்து நகலெடுத்தார்கள், தெரிந்தேதான். இன்றும் எக்செல் கட்டத்தில் 60 என்று தட்டி அதைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 வரும். அதற்கு முந்தைய இரண்டு மாதக் கிழமைகளும் ஒரு நாள் பிசகும்; 1900 ஜனவரி 1 திங்கள்கிழமை, எக்செல் ஞாயிறு என்கிறது. மாக் கணினிக்கு வந்த எக்செல் 1904-இலிருந்து எண்ணத் தொடங்கி இந்த வம்பிலிருந்து தப்பியது. ஆனால் ஒன்றில் எழுதிய தேதியை மற்றதில் ஒட்டினால் 1,462 நாள், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும் தாவிவிடும். லோட்டஸ் 1-2-3 போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிழைக்கு அழிவில்லை.

கோப்பு திறந்தாலும் பக்கங்கள் இடம் மாறுவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. டாக்எக்ஸ் கோப்பில் வரிகள் இல்லை, பத்திகள்தான் இருக்கின்றன. எந்த இடத்தில் வரி முடிகிறது, எந்த வரியோடு பக்கம் முடிகிறது என்பதைத் திறக்கும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது. எழுத்துருவின் அகலம் மயிரிழை மாறினாலும் ஒரு சொல் அடுத்த வரிக்குப் போகும், ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போகும், கையெழுத்து மட்டும் தனியாகக் கடைசிப் பக்கத்தில் நிற்கும். பிடிஎஃப் எழுத்து ஒவ்வொன்றின் இடத்தையும் எழுதி வைத்திருப்பதால் அது எங்கும் ஒன்றுபோல இருக்கிறது. அதற்கு விலையாகத் திருத்துவதற்கு முரண்டு பிடிக்கிறது.

எழுத்துரு ஓர் அரசியல் வழக்கில் சாட்சி சொன்னதும் உண்டு. ஆபீஸ் 2007, டைம்ஸ் நியூ ரோமனை ஒதுக்கிவிட்டு லூகாஸ் டி கிரூட் வரைந்த கலிப்ரியை இயல்பான எழுத்துருவாக வைத்தது. பொதுமக்களுக்கு அது கிடைத்தது 2007 ஜனவரி கடைசியில். பாகிஸ்தானில் 2017-இல் நவாஸ் ஷெரீஃப் குடும்பத்தின் சொத்து விசாரணையில், அவர் மகள் மரியம் தரப்பில் 2006 பிப்ரவரி தேதியிட்ட ஆவணம் ஒன்று தாக்கலானது. அது கலிப்ரியில் அச்சாகியிருந்தது. ஆவணம் பின்னாளில் தயாரிக்கப்பட்டது என்று விசாரணைக் குழு சொன்னது. புதுப் பதிப்பு எப்போது யார் கைக்கு வந்தது என்ற வறட்டுச் செய்தி ஒரு நாட்டின் தலைப்புச் செய்தியானது அப்போதுதான்.

தமிழருக்கு இந்தச் சிக்கல் எப்போதும் இரட்டைச் சிக்கல். வேர்டு 97 யூனிகோடுக்கு மாறினாலும், தமிழ் யூனிகோடைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் வசதி விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துருவோடுதான் வந்தது. அதற்கு முன்னும் வெகுகாலம் பின்னும் நாம் எழுதியது ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் முகமூடி மாட்டிய எழுத்துருக்களில். இலங்கையில் பெரிதும் புழங்கிய பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்புக்குள் போவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பு பழுதில்லாமல் திறக்கும், ஒரு சொல்லும் படிக்க முடியாது. வடிவம் இணங்கியது, மொழி இணங்கவில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது 2010-இல். அதற்குச் சில ஆண்டு முன்பு எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மாசசூசெட்ஸ் பேச்சோடு திணறிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே கணினிகளையே மாற்றினார்கள்.

பழைய வடிவம் எவ்வளவு காலம் மறைந்து வாழும் என்பதற்கு பிரிட்டன் 2020-இல் விலை கொடுத்தது. கோவிட் பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்கள் அனுப்ப, இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செலில் இழுத்துத் தொகுத்தது, பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். 2007-இல் வந்த புது வடிவத்தில் 10,48,576. ஒரு முடிவுக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் தாள் நிரம்பியது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25-இலிருந்து அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வரவில்லை; அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. புது மென்பொருள் அவர்களிடம் இருந்தது. உள்ளே பழைய பெட்டியைத் தூக்கி எறிய யாருக்கும் தோன்றவில்லை. மென்பொருளைப் புதுப்பிப்பது ஒரு வேலை, வழக்கத்தைப் புதுப்பிப்பது வேறு வேலை. முதல் வேலைக்குத்தான் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவார்கள்.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் திறந்துகொண்டே இருக்கவும் முடியாது. பழைய வடிவத்தைப் படிக்கும் நிரல்கள், கோப்பில் இருப்பது நல்லதுதான் என்று நம்பி எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக் கோப்புக்குள் தாக்குதலை ஒளித்து அனுப்பினார்கள். 2007 செப்டம்பரில் ஆபீஸ் 2003-க்கு வந்த மூன்றாம் திருத்தத் தொகுப்பு, மிகப் பழைய வடிவங்களைத் திறக்கவே மறுத்தது. கூச்சல் எழவே, குறை வடிவத்தில் இல்லை, எங்கள் நிரலில்தான் என்று மைக்ரோசாஃப்ட் வருத்தம் தெரிவித்தது. நம் டிடிபி கடைக்காரருக்கு உதவியிருக்கக்கூடிய இலவச இணக்கத் தொகுப்பையும் 2018-இல் விலக்கிக்கொண்டது. இன்று உங்கள் வீட்டு நெகிழ்வட்டில் எதிலாவது தொண்ணூறுகளின் கோப்பு இருந்தால் முதலில் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். கைவிடப்பட்ட வடிவங்களைப் படிக்கும் நிரல்களை எழுதுவதற்கென்றே அதைச் சுற்றி ஒரு கூட்டம் இயங்குகிறது. திறந்தால் உடனே ஒரு பிடிஎஃப் பிரதியும் யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதியும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. உங்கள் டாக்எக்ஸ் கோப்பு ஒன்றை நகலெடுத்து, அதன் வாலை ஜிப் என்று மாற்றித் திறவுங்கள். ‘வேர்டு’ என்ற அடைவில் ‘செட்டிங்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் ‘கம்பேட்டபிலிட்டி மோடு’ என்ற சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 12 என்றால் 2007, 14 என்றால் 2010. பதின்மூன்றை ராசியில்லை என்று தாண்டிவிட்டார்கள். 15 என்றால் 2013 அல்லது அதற்குப் பிந்தையது. அதன் பிறகு எத்தனையோ பதிப்பு வந்தும் அந்த எண் நகரவில்லை. 11 என்று இருந்தால், உங்கள் கோப்பு புது வாலை ஒட்டிக்கொண்டு இன்னும் 2003-இல்தான் இருக்கிறது.